வேலை போய் 38 நாள்: எந்த வாசலைத் தட்டுவது?

வாசகர் கடிதம்:

ஐயா, வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் கணவர் அங்கே 19 ஆண்டுகள் வேலை செய்தார். முதலில் குலை வெட்டினார். கடைசி 6 ஆண்டுகளாக மண்டோர் (மேற்பார்வையாளர்). மாதம் 2,100 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம். மார்ச் 3-ஆம் தேதி, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில், அத்தனை பேர் முன்னிலையிலும், குலைக் கணக்கில் பொய் எழுதினார் என்று சொல்லி, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று உதவி நிர்வாகி கூறிவிட்டார். விசாரணை நடக்கவில்லை. கடிதமும் கொடுக்கவில்லை. அவமானம் தாங்காமல் இவர் அன்றிலிருந்து வீட்டை விட்டு வெளியே போவதில்லை. பிப்ரவரிச் சம்பளமும் இன்னும் வரவில்லை. கேட்டால், "சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு நிற்கிறேன் என்று கையெழுத்துப் போடு, உடனே தருகிறோம்" என்கிறார்கள். மே மாதக் கடைசிக்குள் வீட்டையும் காலி செய்யச் சொல்கிறார்கள். பெரிய நிர்வாகியிடம் பேசிப் பார்க்கலாம், பொறுமையாக இருங்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். என் தம்பியோ கோர்ட்டில் வழக்குப் போடு என்கிறான். வக்கீலுக்குக் கொடுக்க எங்களிடம் எதுவும் இல்லை. இதற்கு நடுவில், மகள் கல்யாணத்துக்காக அவள் பெயரில் கட்டிலும் அலமாரியும் வாங்க 3,800 வெள்ளி கட்டினோம். நான்கு மாதமாகியும் கடைக்காரர் சாமானையும் தரவில்லை, பணத்தையும் தரவில்லை. கோர்ட் என்றாலே பயமாக இருக்கிறது. என்ன செய்வது? இதை எழுதும் இன்று ஏப்ரல் 10.
(பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்து ஒரு தேதியைச் சொன்னேன். இந்தப் பக்கம் அச்சாகி உங்கள் கையில் கிடைக்கும்வரை அந்தத் தேதி காத்திருக்காது. உங்களைப் போல இன்னும் எத்தனையோ வீடுகளில் இதே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் அதை இங்கேயும் எழுதுகிறேன். வேலையிலிருந்து நியாயமில்லாமல் நீக்கப்பட்டவர் முறையிட மலேசியச் சட்டம் கொடுத்திருக்கும் காலம் 60 நாள். உங்கள் கணவருக்கு அது மே 2-ஆம் தேதி முடிகிறது. அதற்கு முதல் நாள் தொழிலாளர் தினம். அரசாங்க அலுவலகம் திறந்திருக்காது. ஆகவே மே 2 என்ற ஒன்று காலண்டரில் இருப்பதையே மறந்துவிடுங்கள். ஏப்ரலுக்குள், அதுவும் இந்த வாரத்துக்குள், மனு போய்ச் சேர வேண்டும்.

நான் வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில், பால்மரம் சீவிய ஒரு பெரியவர் பிளாஸ்டிக் பை நிறையக் காகிதங்களுடன் என்னைப் பார்க்க வந்தார். பழைய சம்பளச் சீட்டுகள், நீண்டகாலச் சேவைக்குத் தோட்டம் கொடுத்த பாராட்டுப் பத்திரம் எல்லாம் அதில் இருந்தன. நல்ல வழக்கு. எல்லாவற்றையும் படித்துவிட்டு வேலை நீக்கத் தேதியைக் கேட்டேன். விரல் விட்டு எண்ணினால் 71 நாள். "பொறு, தலைமை அலுவலகத்தில் பேசுகிறேன்" என்று நிர்வாகி சொன்னாராம். அவர் சொல்லை நம்பி, வாசலில் காத்திருக்கும் பழக்கத்தில் இவர் காத்திருந்திருக்கிறார். அன்று அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்ததைத் தவிர என்னால் வேறெதுவும் செய்ய முடியவில்லை. நானும் தோட்டத்துப் பிள்ளைதான். மேலே இருப்பவர் பேசி முடிக்கட்டும் என்று பொறுத்திருப்பதை நம்மவர்கள் மரியாதை என்று நினைக்கிறார்கள். சட்டம் அந்த மரியாதையைக் கணக்கில் எடுப்பதில்லை. பெரிய நிர்வாகியிடம் தாராளமாகப் பேசுங்கள். ஆனால் மனுவைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

இனி, உங்கள் தம்பி சொல்வது. கோர்ட்டில் வழக்குப் போடு என்று அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். அவர் மனத்தில் இருப்பது மஜிஸ்திரேட் நீதிமன்றமும் செஷன்ஸ் நீதிமன்றமும். அங்கே போகலாம். போனால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். சாதாரண சிவில் நீதிமன்றம் வேலையை ஓர் ஒப்பந்தமாகத்தான் பார்க்கும். ஒப்பந்தத்தை முறித்தவர் கொடுத்திருக்க வேண்டிய முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு, அதற்கான சம்பளம் எவ்வளவு என்பதைச் சுற்றியே கணக்கு நடக்கும். 5 ஆண்டுகளும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், வேலைச் சட்டம் வைத்திருக்கும் முன்னறிவிப்பு 8 வாரம். ஆக, 19 ஆண்டு உழைப்புக்கு ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். பறிபோன வேலையைத் திருப்பிக் கொடு என்று அந்த நீதிமன்றம் முதலாளிக்கு உத்தரவிடாது.

இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தில் 20-ஆவது பிரிவு இருக்கிறது. தக்க காரணம் இல்லாமல் நீக்கப்பட்டதாக நினைக்கும் எந்தத் தொழிலாளியும், சங்க உறுப்பினராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், தன் வேலையைத் திரும்பக் கேட்கலாம் என்கிறது அது. முன்னறிவிப்புப் பணத்தை மேசைமேல் வைத்துவிட்டதால் மட்டும் நீக்கம் நியாயமாகிவிடாது. காரணம் நியாயமானதா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை விசாரிப்பது தொழிலியல் நீதிமன்றம். மலாயில் 'மக்காமா பெருசஹாஆன்' என்பார்கள். பெயரில் நீதிமன்றம் என்று இருந்தாலும் அது வேலைத் தகராறுகளுக்கென்றே அமைந்த தீர்ப்பாயம். கோலாலம்பூருக்குப் போக வேண்டாம், ஈப்போவிலேயே அதற்குக் கிளை இருக்கிறது.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதனால் இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தோட்டத்தில் தகராறு வந்தால் கோவில் முன்னால் பஞ்சாயத்து கூடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே யாரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. என்ன நடந்தது, யார் சொல்வது நம்பும்படி இருக்கிறது, எது நியாயம் என்றுதான் பெரியவர்கள் கேட்பார்கள். தொழிலியல் நீதிமன்றத்துக்குச் சட்டம் இட்டிருக்கும் கட்டளையும் அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. சட்ட நுணுக்கங்களையும் வடிவங்களையும் பெரிதாக்காமல், நியாயத்தையும் நல்ல மனச்சாட்சியையும் வழக்கின் உண்மையான சாரத்தையும் பார்த்து நடக்க வேண்டும் என்று 30-ஆவது பிரிவு சொல்கிறது. வேலை நீக்க வழக்கை அதன் தலைவர்களில் ஒருவர் தனியாக அமர்ந்து கேட்பார். சாட்சிகள் சத்தியம் செய்து பேசுவார்கள், குறுக்கு விசாரணையும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். பஞ்சாயத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: பஞ்சாயத்துத் தீர்ப்பைத் துரை தூக்கிப் போட்டுவிட்டுப் போகலாம், இதன் தீர்ப்பைத் தூக்கிப் போட முடியாது. ஏற்காத தரப்பு 14 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். இல்லையென்றால் நிறைவேற்ற வேண்டும்.

நேராக அங்கே போய் நிற்க முடியாது. முதல் வாசல் தொழில் உறவு இலாகா. பெயர்ப் பலகையில் 'ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசஹாஆன்' என்று இருக்கும். வேலை செய்த இடத்துக்கு அருகிலுள்ள அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது. பிறகு அதிகாரி இரு தரப்பையும் சமரசப் பேச்சுக்கு அழைப்பார். அந்த அறைக்குள் வக்கீல்கள் வர முடியாது. உங்கள் தரப்பில் மட்டும் அல்ல, தோட்டத்தின் தரப்பிலும் வர முடியாது. நிர்வாகத்துக்காக முதலாளிமார் சங்கத்தின் ஆள் ஒருவர் வரலாம். உங்கள் கணவர் தொழிற்சங்க உறுப்பினராக இருந்தால் சங்க அதிகாரி அவருக்குப் பக்கத்தில் உட்காரலாம். யார் பக்கம் நியாயம் என்று அந்த அதிகாரி தீர்ப்புச் சொல்லமாட்டார். ஒத்துப்போக வழி இருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பார். அங்கே பேசியதைப் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுத்து நீட்ட முடியாது என்பதால் மனம் விட்டுப் பேசலாம். அழைத்த நாளில் கட்டாயம் போக வேண்டும். காய்ச்சல் என்றால் மருத்துவச் சீட்டோடு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

சமரசம் முறிந்தால் வழக்கு நேராகத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். முன்பெல்லாம் மனிதவள அமைச்சர் பார்த்து அனுப்பினால்தான் உண்டு. எத்தனையோ மனுக்கள் அந்த மேசையோடு முடிந்துபோயின. 2021 ஜனவரி 1 முதல் அந்தத் தடுப்பு நீங்கிவிட்டது. என் தொழில் வாழ்க்கையில் நான் மனமார வரவேற்ற சட்டத் திருத்தங்களில் அது ஒன்று.

"அந்தத் தோட்டத்தில் இனிக் காலடி எடுத்து வைக்கமாட்டேன்" என்று உங்கள் கணவர் சொல்வதாகத் தொலைபேசியில் கூறினீர்கள். அவர் மனம் எனக்குப் புரிகிறது. 19 ஆண்டு பழகிய ஆட்கள் முன்னால், பெரட்டில் நிற்க வைத்துத் திருடன் என்று சொன்னால் எந்த மனிதனுக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் மனுவில் "எனக்கு என் வேலை திரும்ப வேண்டும்" என்றே எழுத வேண்டும். 20-ஆவது பிரிவு கொடுக்கும் உரிமையே வேலையைத் திரும்பக் கேட்கும் உரிமைதான். "வேலை வேண்டாம், பணம் மட்டும் போதும்" என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டால், வழக்கைக் கேட்கும் அதிகாரமே நீதிமன்றத்துக்கு இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாட நாமே இடம் கொடுத்ததாகிவிடும். முறிந்துபோன உறவை ஒட்ட வைப்பது சரிவராது என்று நீதிமன்றம் கருதினால், வேலைக்குப் பதிலாக இழப்பீடு தரும். சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் என்பது அங்கே வழக்கமாகப் பின்பற்றப்படும் கணக்கு. உங்கள் கணவருக்கு அது 39,900 வெள்ளி. இதோடு, வேலை போன நாளிலிருந்து இழந்த சம்பளமும் உண்டு. அதற்கு உச்ச வரம்பு 24 மாதம். இடையில் அவர் வேறு வேலையில் சம்பாதித்தால் அதைக் கணக்கில் கழிப்பார்கள். அவர் பக்கமும் தவறு இருந்ததாகத் தெரிந்தாலும் குறைப்பார்கள். இவ்வளவும் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. இரண்டு மாதச் சம்பளம் எங்கே, இது எங்கே என்று நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எண்களைச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் வழக்கில் என்னைக் கவலைப்பட வைக்கும் இடத்துக்கு வருகிறேன். வேலையை விட்டு நீக்கியதை முதலாளி ஒத்துக்கொண்டால், அதற்குத் தக்க காரணம் இருந்தது என்று நிரூபிக்கும் பாரம் அவருடையது. குலைக் கணக்கில் பொய் என்றால் எந்த நாள், எந்தக் களம், எத்தனை குலை, யார் எண்ணிப் பார்த்தது என்று அவர்தான் காட்ட வேண்டும். ஆனால், "நாங்கள் அவரை நீக்கவே இல்லை, அவரே வராமல் நின்றுவிட்டார்" என்று தோட்டம் சொன்னால் என்ன ஆகும்? அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல், தகவலும் சொல்லாமல், தொடர்ந்து 2 வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார் என்று வேலைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. கடிதம் கொடுக்காமல் வாயால் நீக்குவதில் இருக்கும் ஆபத்து இதுதான். அப்போது, நீக்கினார்கள் என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் கணவர் தலையில் விழும். 38 நாளாக அவர் வீட்டுக்குள் இருப்பதை எதிர்த்தரப்பு தனக்குச் சாதகமாகப் பேசும்.

ஆகவே இன்று இரவே அவரை உட்கார வைத்து ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். மார்ச் 3 காலை எத்தனை மணிக்கு, எந்த இடத்துப் பெரட்டில், யார் என்ன சொன்னார், பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். வசை வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். வர வேண்டாம் என்று சொன்னதால்தான் வரவில்லை, குற்றச்சாட்டை மறுக்கிறேன், வேலை செய்ய ஆயத்தமாக இருக்கிறேன் என்று முடிக்க வேண்டும். தமிழில் எழுதினால் மகள் மலாயில் எழுதிக் கொடுக்கட்டும். தோட்ட ஆபிசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பெரட்டில் நின்ற ஆட்கள் சாட்சி சொல்லப் பயப்படுவார்கள். அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, குறை சொல்ல முடியாது. அவர்களை இப்போது நெருக்க வேண்டாம். பெயர்களைக் குறித்து வைத்தால் போதும், தேவைப்படும்போது நீதிமன்றம் வழியாக அழைப்பாணை அனுப்பலாம். அன்று மாலையோ மறுநாளோ யாராவது "என்ன அண்ணே இப்படிச் செய்துவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். அந்த ஒரு வரிக்குப் பெரிய மதிப்பு உண்டு.

விசாரணையே நடக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தவறான நடத்தைக்காக ஒருவரை நீக்குமுன் முறையாக விசாரிக்க வேண்டும் என்று வேலைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு கூறுகிறது. விசாரணைக்காக இடைநீக்கம் செய்தால்கூட 2 வாரத்துக்கு மேல் கூடாது, அந்த நாள்களுக்கு அரைச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். தோட்டம் இதைச் செய்யவில்லை. இது உங்களுக்குச் சாதகம்தான். ஆனால் இது ஒன்றே வெற்றி தந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோட்டம் நடத்தாத விசாரணையைத் தொழிலியல் நீதிமன்றம் தானே முதலிலிருந்து நடத்தி, குற்றச்சாட்டு உண்மையா என்று பார்க்கும். உங்கள் கணவரிடம் பழைய கணக்குப் புத்தகத்தின் நகலோ, தினமும் கிராணிக்கு (தோட்ட எழுத்தருக்கு) அனுப்பிய குலை எண்ணிக்கையின் படமோ இருந்தால் இப்போதே எடுத்து வையுங்கள்.

அந்தக் கையெழுத்து விஷயத்தில் ஒரே பதில்தான்: போடக் கூடாது. சொந்த விருப்பத்தில் நின்றேன் என்று எழுதிக் கொடுத்தவர், பிறகு கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிப்பதற்குள் படாத பாடு படுவார். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்தும் வேலைக் காப்பீட்டுத் திட்டத்தில் வேலை இழந்தவருக்குச் சில மாதங்களுக்கு உதவித் தொகை உண்டு. தானாக விலகியவருக்கு அது கிடைக்காது. அந்த விண்ணப்பத்துக்கும் காலக்கெடு 60 நாள் என்பதால் அதையும் இதே வாரத்தில் கொடுத்துவிடுங்கள். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் அதில் இடமில்லை. தோட்டம் அப்படிச் சொல்லக்கூடும். சொல்லிவிட்டுப் போகட்டும், தகுதி உண்டா இல்லையா என்பதைச் சொக்சோ முடிவு செய்யும். விண்ணப்பிக்காமல் விட்டால் கேட்பதற்கே வழியில்லை.

சம்பளத்துக்கு வாசல் வேறு. கையெழுத்துப் போட்டால்தான் சம்பளம் என்று ஒரு சட்டமும் சொல்லவில்லை. செய்த வேலைக்கான கூலியை மாதம் முடிந்து 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும். முதலாளி முன்னறிவிப்பில்லாமல் வேலையை முடித்துக்கொண்டால் பாக்கியை அன்றே கொடுக்க வேண்டும். குற்றம் செய்தாரா இல்லையா என்பதற்கும் பிப்ரவரியில் உழைத்த கூலிக்கும் சம்பந்தமே இல்லை. இதைக் கேட்க வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா, நம் பெரியவர்கள் 'புரோ ஆபிஸ்' என்று சொன்ன அதே இடம். இப்போது பலகையில் 'ஜபாத்தான் தெனாகா கெர்ஜா' என்று இருக்கும். அங்கே வேலைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவின்கீழ் அதிகாரி ஒருவர் இரு தரப்பையும் அழைத்து, கணக்கைப் பார்த்து, கொடு என்று உத்தரவிடுவார். இதைத்தான் தொழிலாளர் நீதிமன்றம் என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். உத்தரவை மதிக்காவிட்டால் அது குற்றம். சிவில் நீதிமன்றத்தில் பதிந்து தீர்ப்பைப் போலவே வசூலிக்கவும் செய்யலாம். பிப்ரவரிச் சம்பளம், மார்ச் முதல் நாள்களின் கூலி, ஓவர்டைம், பொது விடுமுறையில் வேலை செய்திருந்தால் அதற்கான பணம் எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதிக் கொடுங்கள். எடுக்காத ஆண்டு விடுப்பையும் சேருங்கள். 5 ஆண்டுகளைக் கடந்தவருக்கு ஆண்டுக்கு 16 நாள் உண்டு.

இரண்டு வாசலையும் குழப்பிவிடக் கூடாது. வேலை நீக்கம் நியாயமா என்பதைப் புரோ ஆபிசில் போய்க் கேட்டுக்கொண்டிருந்து 60 நாளை விட்டவர்கள் இருக்கிறார்கள். தொழில் உறவுச் சட்டத்தின்கீழ் நடந்துகொண்டிருக்கும் ஒரு கோரிக்கையைத் தொழிலாளர் இலாகா கையில் எடுக்கவும் முடியாது. நீக்கத்துக்கு ஒன்று, கூலிக்கு ஒன்று என இரண்டு மனுக்கள், இரண்டு கோப்புகள். பீரோவில் இரண்டு உறைகள் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தோட்ட வீடு வேலையோடு வந்தது. மேலே சொன்ன எந்த இடமும் அதற்குத் தனித் தீர்ப்புத் தராது. அது சாதாரண நீதிமன்றத்து விவகாரம். ஆனால் சமரசப் பேச்சில் அதை மேசைக்குக் கொண்டுவரலாம். மகள் கல்யாணம் முடியும்வரை வீட்டில் இருக்கத் தோட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்ட சமரசங்களை நான் பார்த்திருக்கிறேன். அதுவரை வீடு சம்பந்தமாக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். நீதிமன்றத்திலிருந்து தாள் எதுவும் வந்தால் அதை மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் சட்ட உதவி அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள்.

மகளின் கட்டில், அலமாரி விவகாரம் இவற்றிலெல்லாம் எளிது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இல் வந்தபோதே அதற்கென்று ஒரு தீர்ப்பாயத்தையும் அமைத்தது. பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் என்கிறோம். 50,000 வெள்ளிவரை கேட்கலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வாங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் உங்களுக்கு இன்னும் இரண்டரை ஆண்டுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. வரம்பு 3 ஆண்டு. ரசீது மகள் பெயரில் இருப்பதால் மகள்தான் மனுதாரர். வக்கீல் வைக்க இரு தரப்புக்கும் அனுமதி இல்லை. கடைக்காரர் வராவிட்டாலும் மனுவைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். பணத்தைத் திருப்பிக் கொடு என்று உத்தரவான பின் 14 நாளில் கொடுக்கவில்லை என்றால் அவர்மேல் குற்ற வழக்கே தொடரலாம். பெரும்பாலான கடைக்காரர்களுக்கு இது தெரியும். ஆகவே முதலில் மகளை ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்: 14 நாளுக்குள் சாமான் அல்லது பணம், இல்லையென்றால் தீர்ப்பாயம். மனு விசாரணைக்கு வருமுன்பே பணம் வந்து சேர்ந்த கதைகள் நிறைய உண்டு. அலமாரி வீட்டு உபயோகத்துக்கு என்பதால் இங்கே இடம் உண்டு; வியாபாரத்துக்கு வாங்கிய சரக்கென்றால் இந்த வாசல் திறக்காது. தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) புது வீடு வாங்கிச் சுவர் வெடித்துப்போனவர்களுக்கும் இதைப் போலவே வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி வேறொரு கடிதம் வந்தால் விரிவாக எழுதுகிறேன்.

வக்கீல் இல்லாமல் இதெல்லாம் முடியுமா என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. மனுக் கொடுக்க வக்கீல் வேண்டியதில்லை, சமரசத்துக்கு அவர் வரவே முடியாது, புரோ ஆபிசுக்கும் அலமாரி வழக்குக்கும் தேவையே இல்லை. தொழிலியல் நீதிமன்றத்தில் முழு விசாரணை என்று வந்தால் மட்டும், நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுத் தோட்டத்தின் தரப்பில் வக்கீல் நிற்பார். அப்போது உங்கள் கணவர் தனியாக நிற்பதை நான் விரும்பமாட்டேன். வழக்கறிஞர் மன்றம் நடத்தும் சட்ட உதவி மையத்தையும் தொழிற்சங்கத்தையும் அந்தக் கட்டத்தில் அணுகுங்கள். என் அலுவலகத்துக்கும் வரலாம். நீங்கள் எழுதியிருந்த வக்கீல் கட்டண விஷயத்தை அப்போது பேசிக்கொள்ளலாம், அதை நினைத்து இப்போது தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

திங்கட்கிழமை காலை ஈப்போவுக்கு முதல் பஸ்ஸில் இருவரும் கிளம்புங்கள். அவர் வர மறுத்தால், மனுவில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான் என்று சொல்லுங்கள். அடையாள அட்டை, கையில் இருக்கும் சம்பளச் சீட்டுகள், சேமநிதிக் கணக்கறிக்கை, தோட்டத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நகல், தபால் ரசீது ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு நகல். வேலை நீக்கப்பட்ட தேதி என்ற கட்டத்தில் மார்ச் 3 என்று எழுதுங்கள். மனுவைக் கொடுத்ததும் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். 'தெரிமா' (பெற்றுக்கொள்ளப்பட்டது) என்ற சொல்லும் தேதியும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். மங்கலாக இருந்தால் இன்னொரு முறை குத்தச் சொல்லத் தயங்காதீர்கள். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, பிறகு காலைச் சாப்பாட்டுக்குப் போங்கள்.